ஒன்றுபோல ஒலிக்கும் ஆங்கிலப் பெயரடைகள்: தமிழில் பொருள் எழுதும்போது எப்படிப் பிரிப்பது?

கூடல்நகர்:

அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக, ஒலியில் நெருங்கிப் பொருளில் விலகும் ஆங்கிலப் பெயரடைகளை ஜோடி ஜோடியாகத் தொகுத்து வருகிறேன். தமிழ்ப் பொருள் எழுதும் இடத்தில்தான் தடுக்கி நிற்கிறது. ‘ஹிஸ்டாரிக்’ என்றாலும் வரலாற்று, ‘ஹிஸ்டாரிகல்’ என்றாலும் வரலாற்று. ‘கிளாசிக்’, ‘கிளாசிகல்’ இரண்டுக்கும் நேரே செவ்வியல். ‘ஆல்டர்னேட்’, ‘ஆல்டர்னேட்டிவ்’ இரண்டுக்கும் மாற்று. கடையில் கிடைக்கும் கைடுகளிலும் இதே கதைதான். பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டுக் கோடிட்ட இடத்துக்கு வந்ததும் பிள்ளைகள் பூவா தலையா போடுகிறார்கள். பொருள் பிரிந்து தெரிகிற மாதிரி தமிழில் எழுத வழி சொல்லுங்கள்.

பிழைதிருத்தும் பேனா:

ஐயா, சொல்லுக்குச் சொல் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். பெயரடை தனியாக நிற்கிற சொல் இல்லை, பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால்தான் அதன் குணம் தெரியும். சொல்லோடு அதன் துணையையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

நம் ஊரிலிருந்தே எடுக்கலாம். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறினார். அந்த முடிவு ‘ஹிஸ்டாரிக்’. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த மீனாட்சியம்மன் கோயில் நுழைவும் ‘ஹிஸ்டாரிக்’. அந்த நாளுக்குப் பிறகு நிலைமை பழையபடி இல்லை. அந்தக் காலத்துப் படம், கடிதம், கோப்பு எல்லாம் ‘ஹிஸ்டாரிகல்’. அவை வரலாற்றைச் சேர்ந்தவை, வரலாற்றைத் திருப்பியவை அல்ல. ஆகவே முதலாவதற்கு ‘வரலாறு படைத்த’ என்றும் இரண்டாவதற்கு ‘வரலாறு சார்ந்த’ என்றும் எழுதுங்கள். ‘வரலாறு படைத்த கோப்பு’ என்று வாய்விட்டுச் சொன்னாலே பொருந்தவில்லை என்று காது சொல்லிவிடும்.

‘ஹிஸ்டாரிகல்’ சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கதையில் வருபவரா, உண்மையில் வாழ்ந்தவரா என்று கேட்கும்போதும் அதுதான் வரும். திருமலை நாயக்கர் ‘ஹிஸ்டாரிகல்’ மனிதர், அதில் பேச்சே இல்லை. கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் ‘ஹிஸ்டாரிகல்’ மன்னன்தானா என்று கேட்கலாம். அந்த இடத்தில் ‘ஹிஸ்டாரிக்’ போட்டால் கேள்வியே மாறிவிடும்.

‘கிளாசிகல்’ சொல்லுக்குச் செம்மொழியை வைத்துக்கொள்ளுங்கள். 2004இல் இந்திய அரசு தமிழை அறிவித்தது ‘கிளாசிகல் லாங்குவேஜ்’ என்று. ‘கிளாசிக் லாங்குவேஜ்’ என்று எழுதினால் தவறு. பழைய மரபைச் சேர்ந்த மொழி, இசை, நடனம் எல்லாம் ‘கிளாசிகல்’. தன் வகையில் எடுத்துக்காட்டாக நிற்கிற எதுவும் ‘கிளாசிக்’: ஒரு கிரிக்கெட் ஆட்டம், ஒரு பழைய கார். பிழைக்குக்கூட ‘கிளாசிக் மிஸ்டேக்’ உண்டு, எல்லோரும் வழக்கமாகச் செய்கிற பிழை.

திருமங்கலம்26:

சார், அப்ப கடைசியில ஐ-சி மட்டும் வந்தா சிறப்பு, ஐ-சி-ஏ-எல் வந்தா துறை சார்ந்தது. இதையே விதியா வெச்சுக்கலாமா? ரெண்டு ஜோடிக்கும் சரியா வருதே.

பிழைதிருத்தும் பேனா:

வேண்டாம் தம்பி. மூன்றாவது ஜோடியிலேயே கவிழ்ந்துவிடும். ‘எகனாமிக்’ என்பதுதான் துறை சார்ந்தது: பொருளாதாரக் கொள்கை, பொருளாதார வளர்ச்சி, 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தம். ‘எகனாமிகல்’ என்பது குணம்: லிட்டருக்குக் கூடுதல் தூரம் ஓடும் வண்டி, குறைந்த கேஸில் சமைக்கும் அடுப்பு. இங்கே ஐ-சி துறை, ஐ-சி-ஏ-எல் பாராட்டு. அப்படியே தலைகீழ்.

‘காமிக்’, ‘காமிகல்’ இன்னும் வேறு மாதிரி. நகைச்சுவைக்கென்றே உள்ள நடிகர், பாத்திரம், காட்சி எல்லாம் ‘காமிக்’. சிரிப்பை நோக்காமல் செய்தும் பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்தால் ‘காமிகல்’. ‘பொலிட்டிக்’ என்றால் சமயோசிதமான, ‘பொலிட்டிகல்’ என்றால் அரசியல் சார்ந்த. ஒரே வாலை வைத்து எல்லா மாட்டையும் பிடிக்க முடியாது.

இதில் ஒளிந்திருக்கிற ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். வினையடையாக மாறும்போது இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். ‘எகனாமிக்’, ‘எகனாமிகல்’ எதிலிருந்து போனாலும் ‘எகனாமிகலி’தான். ‘எகனாமிகலி வீக்கர் செக்‌ஷன்’ என்றால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர். சிக்கனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘எகனாமிகலி’ சமைத்தார் என்றால் சிக்கனமாகச் சமைத்தார். வினையடை வந்துவிட்டால் எழுத்தை நம்பாதீர்கள், வாக்கியத்தைப் பாருங்கள்.

சிம்மக்கல் ஒயர்மேன்:

‘எலக்ட்ரிக்’, ‘எலக்ட்ரிகல்’ விட்டுப்போச்சு. கையில தொட்டுக் காட்டக்கூடிய குறிப்பிட்ட பொருள், கரண்ட்ல ஓடுறது, கரண்ட்டைக் கொண்டுபோறது, இதுக்கெல்லாம் ‘எலக்ட்ரிக்’. மோட்டார், பல்பு, அயர்ன் பாக்ஸ், வயர், ரயில், ஸ்கூட்டர். ஷாக் அடிச்சாலும் ‘எலக்ட்ரிக் ஷாக்’தான். பொதுவா ஒரு இனத்தையோ தொழிலையோ சொன்னா ‘எலக்ட்ரிகல்’: எலக்ட்ரிகல் சாமான், எலக்ட்ரிகல் கடை, எலக்ட்ரிகல் இன்ஜினியர், எலக்ட்ரிகல் பால்ட். அதனால ‘எலக்ட்ரிக் இன்ஜினியர்’னு போர்டு எழுதக் கூடாது. அந்த ஆள் என்ன பேட்டரியிலயா ஓடுறாரு?

வடக்குமாசி டீச்சர்:

ஐ-சி ஜோடிகளுக்குப் பேனா ஐயா சொன்னதே சரி, ஒவ்வொன்றாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் பெரும் கூட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குத் தமிழ் நேராகக் கை கொடுக்கும். ‘ஏபிள்’, ‘இபிள்’ என்று முடிகிறவை ஒரு பக்கம். ‘ஃபுல்’, ‘அன்ட்’, ‘அஸ்’, ‘இவ்’ என்று முடிகிறவை மறுபக்கம்.

ஒரே கேள்வி கேளுங்கள்: அந்தச் செயலைச் செய்கிறவரா, அந்தச் செயலுக்கு ஆளாகிறவரா? செய்கிறவர் என்றால் ‘-கிற’, ஆளாகிறவர் என்றால் ‘-த்தக்க’ அல்லது ‘-க்கூடிய’.

‘ரெஸ்பெக்ட்ஃபுல்’ மதிக்கிற, ‘ரெஸ்பெக்டபிள்’ மதிக்கத்தக்க. ‘டாலரன்ட்’ பொறுத்துக்கொள்கிற, ‘டாலரபிள்’ பொறுத்துக்கொள்ளக்கூடிய. சித்திரை வெயில் ‘டாலரபிள்’ ஆக இருக்கலாம், ‘டாலரன்ட்’ ஆக இருக்க முடியாது, வெயில் எதையும் பொறுத்துக்கொள்வதில்லையே. ‘ஃபர்கெட்ஃபுல்’ மறந்துவிடுகிற ஆள், ‘ஃபர்கெட்டபிள்’ மறந்துவிடக்கூடிய படம். ‘கன்டெம்ப்சுவஸ்’ இகழ்கிற, ‘கன்டெம்ப்டிபிள்’ இகழத்தக்க. இந்தக் கடைசி ஜோடியில் மாற்றிப் போட்டால் திட்டியவரும் திட்டு வாங்கியவரும் இடம் மாறிவிடுவார்கள்.

மூன்றாகக் கிளைக்கிற குடும்பமும் உண்டு. ‘கிரெடிபிள்’ நம்பத்தக்க: சாட்சி, செய்தி. ‘கிரெடுலஸ்’ எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற. ‘கிரெடிட்டபிள்’ பாராட்டத்தக்க: முயற்சி, மதிப்பெண். கூடல்நகர் ஐயா, உங்கள் பட்டியலில் நேர்ப்பொருள் எழுதும் இடத்தில் பெயர்ச்சொல்லை எழுதாமல் இப்படிப் பெயரெச்சமாக எழுதுங்கள். ‘மரியாதை’ என்று எழுதினால் ‘ரெஸ்பெக்ட்’ குடும்பம் முழுவதும் அதற்குள் புகுந்துகொள்ளும். ‘மதிக்கிற’ என்று எழுதினால் ஒன்றுதான் நிற்கும்.

‘ரெஸ்பெக்டிவ்’ மட்டும் இந்தக் கணக்கில் வராது. அதற்கு ‘அவரவர்’, ‘அந்தந்த’. மாணவர்கள் தங்கள் ‘ரெஸ்பெக்டிவ்’ வகுப்புகளுக்குச் சென்றனர் என்றால் அவரவர் வகுப்புக்கு. மரியாதையான வகுப்பு என்று மொழிபெயர்த்த விடைத்தாள்கள் உண்டு.

கூடல்நகர்:

டீச்சர், இது மிக உதவியாக இருக்கிறது. ஆனால் ‘சென்சிபிள்’ இடிக்கிறதே. உங்கள் கணக்குப்படி ‘உணரத்தக்க’ என்று வர வேண்டும். வழக்கில் ‘விவேகமான’ அல்லவா? ‘கன்சிடரபிள்’ கூட ‘கருதத்தக்க’ இல்லை, ‘கணிசமான’.

வடக்குமாசி டீச்சர்:

சரியாகப் பிடித்தீர்கள். இவை பழைய பொருளிலிருந்து நகர்ந்துபோன சொற்கள். கணக்கில் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இருப்பது ‘கன்சிடரபிள்’, அதிலிருந்து கணிசமான. பாதை தெரிகிறது, ஆனால் நேர்ப்பொருள் கிடைக்காது. ‘கன்சிடரேட்’ என்பது பிறர் நிலையை எண்ணிப்பார்க்கிற. இந்த இரண்டையும் ‘சென்சிபிள்’, ‘சென்சிட்டிவ்’ ஜோடியையும் தனித் தாளில் விதிவிலக்காக எழுதிவிடுங்கள். ‘சென்சிட்டிவ்’ எளிதில் உணர்கிற, அது நம் விதிக்குள் வந்துவிடும். ‘சென்சிபிள்’ விவேகமான, அதுதான் வெளியே நிற்கும்.

சிம்மக்கல் ஒயர்மேன்:

டீச்சர், ‘சென்சிபிள்’ முழுசா வெளிய போகலை. ஏசி வேலையில அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோட இருக்கு. ஒரு அறைக்கு எத்தனை டன் ஏசின்னு கணக்குப் போடுறப்ப ரெண்டு வெப்பத்தைக் கூட்டணும். ஒண்ணு ‘சென்சிபிள் ஹீட்’: வெப்பநிலையை ஏத்தி இறக்குறது, தெர்மாமீட்டர்ல தெரியும். இன்னொண்ணு ‘லேட்டன்ட் ஹீட்’, பாடப் புத்தகத்துல உள்ளுறை வெப்பம்னு போட்டிருப்பாங்க: காத்துல இருக்குற ஈரம் தண்ணியா மாறுறப்ப வெளிவர்றது, தெர்மாமீட்டர் அசையாது. இங்க ‘சென்சிபிள்’னா உணரக்கூடிய, அவ்வளவுதான். விவேகமான வெப்பம்னு எழுதிட்டா பாடமே போச்சு.

வடக்குமாசி டீச்சர்:

அருமை தம்பி, இதையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும். அறிவியல் பாடத்தில் வந்தால் உணரக்கூடிய, மனிதரையோ முடிவையோ செருப்பையோ சொன்னால் விவேகமான. ஆமாம், ‘சென்சிபிள் ஷூஸ்’ என்றும் சொல்வார்கள்: பகட்டில்லாமல் நடக்க வசதியானது.

உலகனேரி மொழிபெயர்ப்பு:

நீதிமன்ற ஆவணங்களில் இந்த ஜோடிகள் மாறினால் வழக்கின் பொருளே மாறும், அதனால் நான்கைச் சொல்கிறேன்.

‘ஜுடிஷியல்’ நீதிமன்றம் சார்ந்த: நீதிமன்றக் காவல், நீதித்துறை நடுவர். ‘ஜுடிஷியஸ்’ நிதானித்து அளந்து செய்கிற. உரத்தை, பணத்தை, தண்ணீரை ‘ஜுடிஷியஸ்’ ஆகப் பயன்படுத்தலாம், அதற்குக் கறுப்புக் கோட்டு தேவையில்லை.

‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்பதை ‘ஆர்வமற்ற’ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஆர்வமற்ற என்பது ‘அன்இன்ட்ரஸ்டட்’. ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் முடிவு எப்படிப் போனாலும் தனக்கு ஆதாயமோ நட்டமோ இல்லாத. நீதிமன்றத்தில் ‘இன்ட்ரஸ்டட் விட்னஸ்’ என்றால் வழக்கைக் கேட்க ஆசையாக வந்தவர் அல்ல, அதன் முடிவில் சொந்த நலன் உடையவர். உறவினர் என்பதாலேயே ஒரு சாட்சி ‘இன்ட்ரஸ்டட்’ ஆகிவிட மாட்டார் என்பதும் நிலைபெற்ற சட்டக் கருத்து. நல்ல நீதிபதி ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ ஆகத்தான் இருக்க வேண்டும், ‘அன்இன்ட்ரஸ்டட்’ ஆக இருக்கவே கூடாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

‘அட்வர்ஸ்’ எதிரான, பாதகமான. ‘அவெர்ஸ்’ மனம் ஒப்பாத. முதலாவது பெரும்பாலும் சூழ்நிலைக்கும் விளைவுக்கும் வரும்: பாதகமான வானிலை, மருந்தின் பக்கவிளைவு. இரண்டாவது ஆளுக்கு வரும், பின்னால் ‘டு’ வேண்டும். நிலத் தகராறுகளில் வரும் ‘அட்வர்ஸ் பொசஷன்’, அதாவது எதிரிடை அனுபவம், இந்த ‘அட்வர்ஸ்’தான். உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, தனியார் நிலம் என்றால் 12 ஆண்டு இடைவிடாமல் வைத்திருக்க வேண்டும். இந்த ‘இடைவிடாமல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கன்டினியுவஸ்’ என்றுதான் எழுதுவார்கள், ‘கன்டினியுவல்’ என்று எழுத மாட்டார்கள். ‘கன்டினியுவல்’ என்றால் விட்டுவிட்டு அடிக்கடி. விட்டுவிட்டு அனுபவித்தேன் என்று எழுதினால் தன் வழக்கைத் தானே உடைத்ததாகிவிடும்.

நான்காவது ‘நெக்லிஜன்ட்’, ‘நெக்லிஜிபிள்’. விபத்து வழக்கில் ஓட்டுநர் ‘நெக்லிஜன்ட்’, கவனக்குறைவானவர். காயமோ சேதமோ ‘நெக்லிஜிபிள்’, பொருட்படுத்த வேண்டாத அளவு. டீச்சர் சொன்ன ‘-கிற’, ‘-த்தக்க’ இங்கே அப்படியே பொருந்துகிறது: புறக்கணிக்கிற, புறக்கணிக்கத்தக்க.

திருமங்கலம்26:

‘கன்டினியுவஸ்’, ‘கன்டினியுவல்’ இன்னும் கொஞ்சம் குழப்புது. தமிழ்ல ரெண்டுமே ‘தொடர்ந்து’தானே?

பிழைதிருத்தும் பேனா:

‘தொடர்ந்து’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள் தம்பி. குழாயை மூட மறந்தால் ஒழுகும் தண்ணீர் ‘கன்டினியுவஸ்’: இடையறாத. நொடிக்கொரு தரம் சொட்டுகிற குழாய் ‘கன்டினியுவல்’: ஓயாத, அடிக்கடி நிகழ்கிற. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்வரும் கரண்ட், பக்கத்து வீட்டுச் சண்டை, ஹாரன் எல்லாம் ‘கன்டினியுவல்’. ஆற்றின் கரை, வயர், கோடு என்று நீளத்தில் உள்ளவற்றுக்கு ‘கன்டினியுவஸ்’ மட்டும்தான் வரும்.

கூடல்நகர்:

‘ஆல்டர்னேட்’ பற்றி யாராவது?

வடக்குமாசி டீச்சர்:

அதற்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் போதும் ஐயா. ‘ஆல்டர்னேட் ஆங்கிள்ஸ்’ என்பதற்கு நம் பாடநூல் ‘ஒன்றுவிட்ட கோணங்கள்’ என்று போட்டிருக்கிறது. ஒன்றுவிட்ட, அதுதான் சொல். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குடிநீர் ‘ஆல்டர்னேட் டேஸ்’. ‘ஆல்டர்னேட்டிவ்’ என்பது இதற்குப் பதிலாக இன்னொன்று. சித்திரைத் திருவிழாவுக்குச் சாலையை அடைத்துவிட்டு வேறு வழியில் போகச் சொன்னால் அது ‘ஆல்டர்னேட்டிவ் ரூட்’.

பிழைதிருத்தும் பேனா:

சிறு திருத்தம் டீச்சர். அமெரிக்க வழக்கில் ‘ஆல்டர்னேட் ரூட்’ என்றே எழுதுவார்கள், அங்கே அது பிழையில்லை. மேப் செயலிகளிலும் அப்படி வரும். பிள்ளைகள் அதைப் பார்த்துக் குழம்புவார்கள் என்பதால் சொல்லிவைக்க வேண்டும். தேர்வுத்தாளில் பிரிட்டிஷ் வழக்கையே பின்பற்றட்டும். ‘ஒன்றுவிட்ட’ என்ற பொருளுக்கு ‘ஆல்டர்னேட்டிவ்’ எந்த நாட்டிலும் வராது.

வடக்குமாசி டீச்சர்:

ஒப்புக்கொள்கிறேன்.

திருமங்கலம்26:

எழுத்துல பார்த்தா பிரியுது. காதுல கேட்டா? ‘எலிஜிபிள்’, ‘இல்லெஜிபிள்’ ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது.

வடக்குமாசி டீச்சர்:

நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் சொல்வதால் வரும் சிக்கல் இது. ஆங்கிலத்தில் ஒரு அசையைத்தான் அழுத்துவார்கள். ‘எலிஜிபிள்’, தகுதியுள்ள: அழுத்தம் முதல் ‘எ’ மேல். ‘இல்லெஜிபிள்’, படிக்க முடியாத கையெழுத்து: அழுத்தம் இரண்டாவது ‘லெ’ மேல். ‘எலிஜிபிள்’ சொல்லும்போது மேசையை முதல் அசையில் தட்டுங்கள், மற்றதற்கு இரண்டாவதில் தட்டுங்கள். பத்து முறை தட்டினால் காது பழகிவிடும்.

‘ஹ்யூமன்’, மனித: முதல் அசை. ‘ஹ்யூமேன்’, இரக்கமுள்ள: இரண்டாவது அசை, ‘மேன்’ நீண்டு ஒலிக்கும். ‘எமினன்ட்’, ‘இமினன்ட்’ இரண்டிலும் அழுத்தம் முதலில்தான், அதனால் தட்டிப் பயனில்லை. அங்கே முதல் உயிரை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘எ’ என்றால் புகழ்பெற்ற அறிஞர், ‘இ’ என்றால் இதோ வந்துவிடப் போகிற புயல்.

‘இன்ஜீனியஸ்’, ‘இன்ஜென்யுவஸ்’ ஜோடிக்கு முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிய ஆற்றுக்கு அணை கட்டி, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய பென்னிகுயிக்கின் திட்டம், 1895இல் முடிந்தது. அது ‘இன்ஜீனியஸ்’: நுட்பமான அறிவில் பிறந்தது. ‘ஜீ’யை நீட்டுங்கள். ‘இன்ஜென்யுவஸ்’ கள்ளங்கபடமற்ற, ‘ஜெ’ குறில்.

சிம்மக்கல் ஒயர்மேன்:

ஆபத்தான ஒண்ணைச் சொல்லிடுறேன். ரிங் ரோட்டுல போற டேங்கர் லாரி பின்னாடி ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’னு எழுதியிருக்கும். முன்னால ‘இன்’ இருக்கேன்னு ‘தீப்பிடிக்காத’னு நினைச்சா உசுருக்கே வினை. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்: எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாதது ‘நான்ஃப்ளேமபிள்’. தின்னர், பெயின்ட், ஸ்ப்ரே டப்பா எது வாங்கினாலும் பாருங்க.

பிழைதிருத்தும் பேனா:

காரணம் இதுதான்: அந்த ‘இன்’ இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு இல்லை. தீ மூட்டு என்னும் பொருளுள்ள ‘இன்ஃப்ளேம்’ என்ற வினையின் பகுதி அது. ‘வேல்யுவபிள்’, ‘இன்வேல்யுவபிள்’ இன்னொரு விதம். அங்கே ‘இன்’ இன்மைதான், ஆனால் இல்லாதது மதிப்பு அல்ல, மதிப்பிட முடிவது. விலைமதிப்பற்ற என்று தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்? பயனற்றது ‘வேல்யுலெஸ்’.

திருமங்கலம்26:

நான் எழுதினதைத் திருத்துங்க.
கப்பலூரில் உள்ளது ‘இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்’, அங்கே வேலை செய்வோர் ‘இன்டஸ்ட்ரியஸ்’.
குழந்தைகள் பெரியவர்களிடம் ‘ரெஸ்பெக்டபிள்’ ஆக இருக்க வேண்டும்.
அவர் பயணத்துக்கு ‘அவெர்ஸ் ஃப்ரம்’.
நிதியை ‘ஜுடிஷியஸ்’ ஆகச் செலவிட்டனர்.
கடை மூன்று ‘கன்டினியுவல்’ நாள் மூடியிருந்தது.

வடக்குமாசி டீச்சர்:

முதலாவதும் நான்காவதும் சரி. தொழிற்பேட்டை ‘இன்டஸ்ட்ரியல்’, உழைக்கிறவர் ‘இன்டஸ்ட்ரியஸ்’. இரண்டாவதில் குழந்தைகள் மதிக்கிறவர்கள், ஆகவே ‘ரெஸ்பெக்ட்ஃபுல்’. மூன்றாவதில் ‘ஃப்ரம்’ நீக்கி ‘டு’ போடுங்கள்.

ஐந்தாவதில் ‘கன்டினியுவல்’ தவறு, அதைத் திருத்தி ‘கன்டினியுவஸ்’ போட்டாலும் சரியாகாது. மூன்று, நான்கு என்று எண்ணிச் சொல்லும் நாட்களுக்கு ‘கன்செக்யூட்டிவ்’: அடுத்தடுத்த, நடுவில் ஒன்றும் விடாத. ‘த்ரீ கன்செக்யூட்டிவ் டேஸ்’ என்றால் திங்கள், செவ்வாய், புதன். அதே இடத்தில் ‘ஆல்டர்னேட்’ போட்டால் திங்கள், புதன், வெள்ளி மூடியிருந்ததாகிவிடும், செவ்வாய்க்கிழமை ஆள் வந்து கடை வாசலில் நிற்கும்.